அலுமாரிச் சாவியும் ஆவணி விடுமுறையும்

ஆடி மாதம் முடியுந் தறுவாயிற் குருநகர்க் கரையில் நிற்பவருக்குச் சோளகக் காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் காதில் விழுவதில்லை. எதிரே மண்டைதீவு வெயிலில் மங்கித் தெரியும். கரையோரம் கட்டிய வள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கும். சென்ற ஆண்டு அத்தகையதொரு பிற்பகலில், இறங்குதுறைக்கு அண்மையில், கவிழ்த்துப் போட்ட வள்ளமொன்றின் நிழலிற் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவனைக் கண்டேன். கையிலிருந்த கடலையைத் தின்று முடித்தவன், சரைக் கடதாசியைக் கசக்கி எறியவில்லை. மெல்லப் பிரித்து, முழங்காலின்மேல் விரித்து, காற்றுப் பறிக்காதபடி இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தான்.

“என்ன தம்பி வாசிக்கிறாய்?” என்றேன்.

“கதை, சேர்.”

ஏதோவொரு வாரப் பத்திரிகையின் தாள் அது. கதையின் நடுப்பகுதி மட்டும் இருந்தது. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. முடிவு வேண்டாமா என்று கேட்டேன். “அது வேறை ஆரும் வாங்கின சரையில போயிருக்கும்” என்று சிரித்தான். உங்கள் பள்ளிக்கூடத்திற் புத்தகங்கள் இல்லையா என்ற கேள்விக்கு வந்த மறுமொழிதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

“இருக்குது, சேர். அலுமாரியில. இப்ப லீவுதானே, பூட்டு.”

கோடை விடுமுறை என்ற சொல்லைத் தமிழகத்துப் பத்திரிகைகளிற் படித்துப் பழகிய நமக்கு, நமது நாட்டிற் கோடைக்கென ஒரு நீண்ட விடுமுறை இல்லை என்பது சில வேளைகளில் மறந்துபோகிறது. நமது பாடசாலை ஆண்டு மூன்று தவணைகளாலானது. ஏப்பிரல், ஓகஸ்ட், டிசெம்பர் என மூன்று இடைவெளிகள். அண்மைய ஆண்டுகளிற் கொள்ளைநோயும் பொருளாதார நெருக்கடியும் இத்தவணைகளை முன்னும் பின்னுமாக நகர்த்தின. எனினும் வழக்கம் இதுவே. யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேரே கதிரவன் ஆண்டில் இருமுறை வருகின்றான்; சித்திரை பிறக்கும்போது ஒருமுறை, ஆவணி நடுவில் மறுமுறை. ஆகவே நமது பிள்ளைகளுக்கு ஒன்றல்ல, இரண்டு கோடை விடுமுறைகள் உண்டு எனலாம். ஒன்றைப் புத்தாண்டும் மற்றதை நல்லூர்த் திருவிழாவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. எஞ்சிய நாட்களைத் தனியார் கல்வி நிலையங்கள் எடுத்துக்கொள்கின்றன.

தனியார் வகுப்புகளைப் பழிப்பது எனது நோக்கமன்று. மீன்பாடு குறைந்த மாதத்திலும் கடன்பட்டுக் காசு கட்டுகின்ற தாய்மார்களை நான் அறிவேன். அவர்கள் கட்டுவது நம்பிக்கைக்கான விலை. ஆயின் ஆறாந் தரத்திலிருந்து ஒன்பதாந் தரம் வரையுள்ள பிள்ளைகளின் நிலை தனியாக எண்ணத்தக்கது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை முடிந்துவிட்டது. சாதாரணதரப் பரீட்சை இன்னும் தொலைவில் இருக்கிறது. பரீட்சையின் கெடுபிடி சற்றே தளரும் நான்கு ஆண்டுகள் இவை. பதினொன்று முதற் பதினான்கு வயது வரையிலான இக்காலத்திலேதான் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டுவதை விட்டு வாசகனாகின்றது, அல்லது வாசிப்பை ஒரேயடியாகக் கைவிடுகின்றது. கடற்கரைப் பாடசாலைகளில் இதே வயதிலேதான் வேறொன்றும் நிகழ்கிறது. பையன் தகப்பனோடு ஒருநாட் கடலுக்குப் போகிறான். பின்னர் இருநாட் போகிறான். ஒருநாள் பாடசாலைக்கு வராமலே விடுகிறான். பெண்பிள்ளைகளுக்கோ விடுமுறை என்பது தம்பி தங்கையரைத் தூக்கி வைத்திருக்கும் காலம். கடலுக்குப் போவது இழிவென்று நான் சொல்லவில்லை. கடலுக்குப் போகின்றவனும் வாசிக்கலாம் என்பதுதான் என் வாதம். அதற்கு அவன் கையில் அந்த வயதிற் புத்தகம் ஏறியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அட்லான்டா நகரத்து ஆறாம், ஏழாம் வகுப்பு மாணாக்கரை ஆராய்ந்த பார்பரா ஹெய்ன்ஸ் என்னும் சமூகவியலாளர் 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். பாடசாலை நடக்கும் மாதங்களில் வறிய பிள்ளைக்கும் வசதியுள்ள பிள்ளைக்கும் இடையே கல்வியிலுள்ள தூரம் அவ்வளவாக விரிவதில்லை. விடுமுறை மாதங்களிலேதான் அது விரிகின்றது என்பது அவர் கண்ட உண்மை. விடுமுறையில் அத்தூரத்தைக் குறைக்கக் கூடியவற்றுள் வாசிப்பும் பொதுநூலகப் பயன்பாடும் முன்னின்றன என்றும் அவர் எழுதினார். பின்னர் புளோரிடாவில் அலிங்ரன், மக்கில்-பிரான்சன் என்னும் இரு கல்வியாளர் வறிய பகுதிகளின் 17 பாடசாலைகளைத் தெரிந்தெடுத்து, 852 பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பன்னிரண்டு புத்தகங்கள் வீதம் மூன்று ஆண்டுகள் கொடுத்தனர். வகுப்பு வைக்கவில்லை; வினாத்தாள் கொடுக்கவில்லை; புத்தகத்தைத் திருப்பியும் கேட்கவில்லை. புத்தகம் பெற்ற பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பெறாதவர்களினும் உயர்ந்திருந்ததை 2010இல் அவர்கள் வெளியிட்டனர். இதில் நமது பண்டிதர்களுக்குச் சற்றுக் கசக்கக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. புத்தகங்களைப் பிள்ளைகளே தெரிந்தெடுத்தனர். அவர்கள் விரும்பி எடுத்தவற்றில் இலக்கியச் சிகரங்களைவிடப் பாடகர்களையும் திரைப்படங்களையும் பற்றிய மெல்லிய நூல்கள் முன்னின்றன. ஆயினும் பயன் விளைந்தது.

இந்த ஆராய்ச்சிகளை வாசித்துவிட்டு நாம் செய்யவேண்டியது மிகச் சிறிய காரியம். விடுமுறை விடும் நாளன்று அலுமாரியைத் திறந்து, ஆளுக்கு மூன்று புத்தகம் எடுத்துப் போங்கள் என்று சொல்வதே அது.

ஏன் அது நடப்பதில்லை? நான் மாணாக்கனாக இருந்த பாடசாலையொன்றிற் கண்ணாடிக் கதவிட்ட அலுமாரி ஒன்று இருந்தது. அதன் சாவி தலைமையாசிரியரின் மேசை லாச்சியினுள் இருக்கும். ஆண்டுதோறும் பொருட்கணக்கு எடுக்கும்போது புத்தகங்களை எண்ணுவார்கள். ஒரு புத்தகமும் குறைந்ததில்லை. அதுவே அப்பாடசாலையின் பெருமை! அவரைக் குறைகூற மனம் வரவில்லை. ஒரு புத்தகம் தொலைந்தாற் பதில் சொல்லவேண்டியவர் அவர். ஒரு பிள்ளை வாசிக்காமற் போனால் அவரிடம் எவரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. அந்த முறைதான் அலுமாரியைப் பூட்டியது. புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதை 1931இல் நூலகவியலின் முதல் விதியாக வகுத்தவர் தமிழராகிய சீ. இரா. அரங்கநாதன். பழைய ஐரோப்பிய நூலகங்களிற் புத்தகங்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்த கதையை அவர் அந்நூலிற் சொல்கிறார். கண்ணாடிக் கதவும் ஒரு சங்கிலிதான். உள்ளிருப்பது தெரிவதால் இன்னும் கொடிய சங்கிலி.

அந்த அரங்கநாதன்தான் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் அமைப்புக்கும் ஆலோசனை கூறியவர் என்பது குருநகர்ப் பிள்ளைகளோடு நேரே தொடர்புடைய செய்தி. அந்த வெள்ளை மாளிகை அவர்கள் வீட்டிலிருந்து நடந்தே போகத்தக்க தூரத்தில் இருக்கின்றது. 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தொடங்கிய முயற்சி வளர்ந்து, 1959 ஒக்டோபரில் அக்கட்டடமாகத் திறக்கப்பட்டது. 1967இற் சிறுவர் பகுதி தனியே திறக்கப்பட்டது. குறுகிய பதினான்கு ஆண்டுகளே அது நிலைத்தது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலின்போது ஏறத்தாழ 97,000 நூல்களோடு எல்லாம் எரிந்தன. புனித பத்திரிசியார் கல்லூரியில் வாழ்ந்த பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்ததை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இல்லை. அந்த எரிவைப் பற்றி எழுதுவோர் ஓலைச்சுவடிகளையும் கிடைத்தற்கரிய பதிப்புகளையும் எண்ணியே கலங்குவர். நியாயமே. ஆயின் அன்று சிறுவர் பகுதியில் எரிந்த படக்கதைப் புத்தகங்களுக்காக அழுதவர் மிகச் சிலர். அப்புத்தகங்களைத் திரும்ப அச்சிடலாம்; அவற்றை வாசித்திருக்க வேண்டிய பத்து வயதை எந்த அச்சகத்தில் அச்சிடுவது?

பின் வந்தவை நமக்குத் தெரியும். 1993 நவம்பரிற் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின்மேற் குண்டு விழுந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. உடுதுணியும் சமையற் பாத்திரமும் கொண்டுபோனவர்கள் புத்தகத்தைச் சுமக்கவில்லை. மற்ற ஊர்களில் அப்புவின் பெட்டியிலோ ஆச்சியின் பரணிலோ எஞ்சியிருக்கும் பழைய ‘கண்ணன்’, ‘அம்புலிமாமா’ இதழ்கள் குருநகர் வீடுகளில் இல்லாததற்கு வாசிப்பார்வமின்மை காரணமன்று. பொருளாதாரத் தடை நிலவிய அந்தத் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகின. அவற்றையும் வாசிகசாலைகளில் வரிசையில் நின்று வாசித்தார்கள். பொதுநூலகம் மீண்டும் எழுந்து, 2004 முதல் திறந்திருக்கின்றது. கட்டடம் வந்துவிட்டது. கடற்கரையிலிருந்து அங்கு செல்லும் பழக்கம் இன்னும் முழுதாய் வரவில்லை. பெரியவர் ஒருவரின் கையொப்பமின்றிச் சிறுவர் உறுப்புரிமை கிடையாது என்பது நூலகங்களின் பொது வழக்கம். விடியப்புறம் கரைக்கு வந்து, மீனை விற்று, வலையைப் பொத்திவிட்டு உறங்கும் தகப்பனுக்கு நூலகம் திறந்திருக்கும் நேரமே உறங்கும் நேரம். இந்தச் சிறு முடிச்சை ஆசிரியர்கள் எளிதாக அவிழ்க்கலாம். தவணையின் கடைசி வாரத்தில் ஒருநாள் வகுப்பையே அழைத்துச் சென்று, படிவங்களை முன்னரே வீடுகளுக்கு அனுப்பி ஒப்பமிடுவித்து, ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளையும் உறுப்பினராக்கிவிடலாம்.

அன்றியும் புத்தகமே பிள்ளையைத் தேடிப் போகலாகாதா? 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியிற் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றனர். குரும்பசிட்டி ஆசிரியர் இரசிகமணி கனக செந்திநாதனை நடமாடும் நூல்நிலையம் என்றே நமது எழுத்தாளர் சுட்டினர். நமது கரைகளிற் சைக்கிளின் பின்னே பெட்டி கட்டி மீன் கொண்டு போகிறவர்கள் ஊரூராய்ச் சுற்றவில்லையா? அத்தகைய பெட்டி ஒன்று, நாற்பது புத்தகம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போதும். தொடர்மாடி வீடுகளின் முற்றத்தில் வாரம் இருமுறை அது வந்து நின்றாற் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். (மீன் நாற்றம் ஏறிவிடும் என்பார் ஒருவர். ஏறட்டுமே! ஆள் தொட்ட புத்தகத்துக்கு ஏதாவதொரு மணம் இருக்கத்தான் செய்யும்.)

தேசிய வாசிப்பு மாதம் ஒக்டோபரிற் கொண்டாடப்படுகிறது. பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, பதாகை, பரிசு எல்லாம் உண்டு. நல்லதே. ஆயின் அம்மாதத்திற் பாடசாலை நடக்கிறது; பிள்ளைக்கு நேரமில்லை. நேரமுள்ள ஓகஸ்டிற் புத்தகமில்லை. இந்தப் பொருத்தமின்மையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி, எதை வாசிப்பது? ஆசிரியர்கள் பட்டியலொன்றை எதிர்பார்ப்பர். பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. யாழ்ப்பாணம் பாடநூலிற் சிறந்த மண். ஆறுமுக நாவலர் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி அச்சிட்டார். அவற்றின் தெளிந்த உரைநடையில் நமது பாட்டன்மார் தமிழ் கற்றனர். அந்த மரபின் மறுபக்கம், புத்தகம் என்றாலே ஒப்புவிப்பதற்குரியது என்னும் எண்ணம் நமக்குள் ஊறிப்போனமையாகும். விடுமுறைப் புத்தகத்தின் முதற் சிறப்பு அதை எவரிடமும் ஒப்புவிக்கத் தேவையில்லை என்பதே. வாசித்ததன் சாராம்சத்தை எழுதிக்கொண்டு வா என்று கட்டளையிடும் ஆசிரியர் அப்புத்தகத்தைப் பாடநூலாக்கி விடுகிறார்.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சின்னஞ் சிறுவருக்கு நம்மிடம் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் இருக்கிறார். ஆடிப்பிறப்பையும் கத்தரித்தோட்டத்து வெருளியையும் பாடிய அவரது பாட்டுகளை அறியாத பிள்ளை இல்லை. பெரியவர்களுக்கு நாவலும் சிறுகதையும் உண்டு. இடையிலுள்ள நான்கு வயதுகளுக்கு நாம் எழுதியது மிகக் குறைவு. அந்த வெற்றிடத்திற் குருநகர்ப் பிள்ளை எதை எடுப்பது? செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ இருக்கிறது; யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தியின் கதிர்காமப் பயணம், சிரித்துக்கொண்டே படிக்கலாம். அவரே 1973இல் எழுதிய ‘வாடைக்காற்று’, நெடுந்தீவுக் கரைக்கு வாடைக் காலத்தில் வந்து தங்கும் மீனவரைப் பற்றியது. எழுபதுகளில் இந்திய நூல்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவாக வெளியிட முன்வந்ததால் நமக்குக் கிடைத்தவற்றுள் அதுவும் ஒன்று. காதற் கதையாயிற்றே என்று தயங்குவோர் அதை ஒன்பதாந் தரத்துக்கு ஒதுக்கலாம். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்ற சொற்களுக்கு அகராதி வேண்டாத வாசகன் அதனை வாசிக்கும்போது, கொழும்பிலிருக்கும் வாசகனினும் அவன் ஒருபடி மேலே நிற்கிறான். மஹாகவி உருத்திரமூர்த்தியின் ‘புதியதொரு வீடு’ என்னும் பாநாடகமும் மீனவர் வாழ்வையே களமாகக் கொண்டது. அதில் வரும் நண்டுப் பாட்டைப் பாடாத பாடசாலை மேடை இல்லை. பாட்டை அறிந்த பிள்ளைக்கு நாடகத்தையும் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். ஐந்திணையில் நெய்தலை உரையோடு கற்பிக்கும்போது சாளரத்துக்கு வெளியே கிடக்கும் கடலை ஒருமுறையேனும் சுட்டிக் காட்டாத ஆசிரியரும் உண்டு என்பது வேறு கதை.

இவ்வூரவர்க்கு இலக்கியம் புதிதன்று. கத்தோலிக்க நாட்டுக்கூத்து தழைத்த கரை இது. எழுத்தறியாத தொழிலாளிகள் அண்ணாவியார் சொல்லிக் கொடுக்க, நூற்றுக்கணக்கான விருத்தங்களையும் தருக்களையும் மனத்தில் ஏற்றி, விடியும்வரை ஆடினார்கள். கூத்துக் கொப்பி வீட்டில் வேதப் புத்தகத்துக்கு அருகே வைக்கப்பட்டது. அத்தகைய நினைவாற்றலின் வழிவந்த பிள்ளையைப் பார்த்து ‘வாசிப்பு நாட்டம் இல்லாதவன்’ என்று எழுதும் அறிக்கைகளை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

கைப்பேசியை நோக்கிச் சிலர் விரல் நீட்டுவர். அதிலும் வழி உண்டு. 2005 முதல் இயங்கும் நூலகம் வலைத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாய்க் கிடக்கின்றன. ஆனாற் பதின்மூன்று வயதுப் பிள்ளை தானே போய் அங்கு தேடாது; எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று காட்ட ஒருவர் வேண்டும்.

வள்ளத்து நிழலிற் கண்ட சிறுவனிடம் திரும்புகிறேன். அவனுடைய சரையின் மறுபாதியை என்னாற் கண்டுபிடித்துக் கொடுக்க முடியவில்லை. மறுநாள் என்னிடமிருந்த பழைய பிரதியொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹெமிங்வேயின் நாவலுக்கு ச. து. சு. யோகியார் செய்த மொழிபெயர்ப்பு, ‘கடலும் கிழவனும்’. எண்பத்துநான்கு நாள் மீனே படாத கிழவன் ஒருவன் தனியே கடலுக்குப் போய், வள்ளத்தினும் நீளமான மீனைப் பிடித்து, கரை சேருமுன் சுறாக்களிடம் அதை இழந்துவிடும் கதை. ஏழாந் தரத்துக்கு இது பொருந்துமா என்ற ஐயம் எனக்கிருந்தது. பத்து நாளைக்குப் பிறகு, நல்லூர்த் தேருக்கு முந்திய நாள் என்று நினைவு, அதே இடத்தில் அவன் காத்திருந்தான். புத்தகத்தின் அட்டையில் உப்புத் தண்ணீர்க் கறை ஏறியிருந்தது.

“எல்லாம் விளங்கிச்சுதோ?”

“சில இடம் விளங்கேல்லை. அதுகளைத் தாண்டிப் போட்டன். இரவில அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டினனான், சேர். அந்தக் கிழவர் கயிறை வள்ளத்தில கட்டாமல் முதுகில போட்டுப் பிடிச்சதுதான் சரியாம். கட்டியிருந்தால் மீன் இழுத்த இழுவைக்கு அறுந்திருக்குமாம். ஆனால் அவ்வளவு தூரம் தனியப் போனது பிழையெண்டு சொன்னவர்.”

சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்: “சேர், சுறா தின்னாமல் மீனைக் கரைக்குக் கொண்டுவாற கதை ஒண்டும் இல்லையோ?”